ஆறு வாரம் ஊறிய கஸ்டர்ட்

“‘நல்லா இருக்கு’ன்னு பாட்டில்ல எழுதுறதுக்கு ஒரு சம்பளமா, கண்ணு?” என்று கடையின் பழைய வாடிக்கையாளர் நார்மன் போன மாதம் கேட்டதை ஷோனாவால் மறக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் பர்ன்லியில், வேப் எனும் மின்சிகரெட் விற்கும் அந்தக் கடையில், புகைக்கும் திரவங்களுக்குச் சுவைக்குறிப்பு எழுதுவது அவள் வேலை. இன்றோடு அது கைவிட்டுப் போய்விடும் போலிருந்தது. சுவை ஏறுவதற்காக இருட்டு அலமாரியில் ஆறு வாரம் ஊறிய கஸ்டர்ட் சுவைத் திரவத்தை ருசித்து வார்த்தை சொல்ல, முதலாளி டென்னிஸ் நார்மனையே வரவழைத்திருந்தார்.

நார்மன் தன்னுடைய இரண்டு வேப்களையும் மேசையில் வைத்து, ஒன்றில் கஸ்டர்டை நிரப்பினார்.

“உள்ள பஞ்சு நனையட்டும். அவசரப்பட்டா கருகிடும்.”

அதுவரை ஊறலின் அருமையைப் பற்றிப் பேசினார். டீ வந்தது, குடித்தார், மறுபடியும் பேசினார். பிறகு வேப்பை எடுத்து ஆழமாக இழுத்துக் கண்ணை மூடினார்.

“ஆகா! முதல்ல வெண்ணெய். அப்புறம் அடுப்புல லேசா செவந்த ஓரம். கடைசியில வெனிலா, புதுப்பொண்ணு மாதிரி எட்டிப் பாக்குது. ஊறாத சரக்குல இது வருமா, டென்னிஸ்?”

“வரவே வராது! எழுதிக்கோ ஷோனா. இனிமே வார்த்தையெல்லாம் இவரு பாத்துக்குவாரு. நீ கல்லாவப் பாரு.”

ஷோனா எழுதி முடித்தாள். மேசையில் கிடந்த இன்னொரு வேப்பைத் தயங்கித் தயங்கி நார்மன் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க கஸ்டர்ட் ஊத்தினது இதுலங்க. அப்படியே தளும்புது. கையில இருக்கறது போன வாரம் இங்க வாங்கின ஸ்ட்ராபெரி. ‘நல்லா இருக்கு’ன்னு நான் எழுதினது.”

டென்னிஸ் திரும்பிப் பார்த்தார்.

“என்னய்யா, இதுக்கும் ஒரு வார்த்தை சொல்லேன்!”

நார்மன் இரண்டு வேப்களையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார்.