ஜெயிக்காதவர்களுக்கு ஒரு பரிசு

“ஜெயிக்காதவங்களுக்கு என்ன குடுப்பாங்க மாமா?”

போன வருட சைக்கிள் பந்தயத்தில், மண்பாதையில் விழுந்து முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்த கூல்வெனிடம் பண்ணைவீட்டுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்.

“ஒண்ணும் கிடையாதும்மா.”

அவள் தன் தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அவன் காயத்தில் கட்டிவிட்டாள்.

இந்த வருடமும் பந்தயம் நடக்கும் பிரான்சின் பிரிட்டனி பகுதி வீரர்களில் முதலில் வருபவருக்கு வழக்கம்போல ஒரு பன்றிக்குட்டிதான் பரிசு.

“அதை ஜெயிச்சே ஆகணும்” என்றான் கூல்வென்.

“மூணாவது மாடியில எங்கடா வளர்ப்பே? குளியல் தொட்டியிலயா?” என்று சிரித்தான் அணித் தோழன் கில்டாஸ். “ஓ, ஞாயித்துக்கிழமை விருந்தா? எனக்கு ஒரு தொடை எடுத்து வை!”

“முதல்ல ஜெயிக்க விடுடா.”

தார்ச்சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் பறந்தார்கள், அவன் துரத்தவில்லை. வயல்களுக்கு நடுவே மண்பாதை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். போன வருடம் விழுந்த அதே வளைவில் சக்கரம் சறுக்கியது. அப்போதும் வேகத்தை விடவில்லை. ஒன்பதாவதாகத்தான் வந்தான். ஆனால் பிரிட்டனிக்காரர்களில் அவன்தான் முதல்.

“தொடையை மறந்துடாதே!” என்று கத்தினான் கில்டாஸ்.

மாலையில் ஊரே திருவிழா நடனத்தில் இருந்தபோது, கூல்வென் அந்தப் பண்ணைவீட்டின் முன் காரை நிறுத்தினான். பரிசுக்குட்டியைக் கொடுப்பது ஆண்டுக்கு ஒரு வீட்டின் முறை, யாரும் மறுப்பதில்லை. இந்த வருடம் இவர்கள் முறை. பந்தயப் பாதையைப் பார்த்துவைக்க முந்தாநாள் வந்தபோது, தன் அப்பா தூக்கிப்போக வந்த குட்டியை விடாமல் கட்டிக்கொண்டு அந்தச் சிறுமி அழுததை அவன் பார்த்திருந்தான்.

துவைத்து வைத்திருந்த சிவப்பு ரிப்பனைக் குட்டியின் கழுத்தில் கட்டினான். கொட்டிலில் தாய்ப்பன்றியின் பக்கத்தில் அதை இறக்கிவிட்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.