தாழ்ப்பாள்

ஆறு மணிக்கு எழுந்தான். எல்லா பிளக்குகளும் பிடுங்கியிருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்தான். அடுப்பில் வெந்நீர் வைத்தான். ஐந்து வயது மகளை எழுப்பிக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூட வாசலில் விட்டான்.

அந்த வீட்டுக்குள் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. மனைவி போன மறுவாரமே திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான். ஆயிற்று, எட்டு மாதம். திருடன் பயமெல்லாம் அவனுக்கு இல்லை. பயம் மகளை நினைத்துத்தான்.

பத்து மணிக்கு அச்சகத்தில் இருந்தபோது டீச்சர் போன் செய்தாள்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? பாப்பா நல்லாத்தான் இருக்கா. ஆனா எனக்குத்தான் பயமா இருக்கு."

வகுப்பு வாசலிலேயே ஆயா பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணா? இத்தனூண்டு இருந்துக்கிட்டு என் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திட்டா சார்! மூக்கு தப்பிச்சது தம்பிரான் புண்ணியம்."

டீச்சரின் மேசைமேல் வயர் அறுந்த பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது.

"இன்னைக்குக் கரண்ட் பத்தின பாடம் சார். ஈரக் கையால சுவிட்சைத் தொடக் கூடாது, ஓட்டையில விரலை விடக் கூடாதுன்னு சொல்லிட்டு, இதைப் பிடிச்சுக்கிட்டு ஷாக் அடிச்ச மாதிரி நடிச்சேன். பசங்க சிரிச்சாங்க. நடிப்புன்னு தெரியாம ஆயா 'ஐயோ டீச்சர்'னு ஓடி வந்தாங்க. உங்க பொண்ணு முந்திக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டா. கையை விரிச்சுக்கிட்டுக் கதவுமேல சாஞ்சு நின்னா பாருங்க, எவ்வளவு கெஞ்சியும் நகரலை."

அன்றும் அப்படித்தான் நின்றாள்.

அன்று காலை மகள் குளிப்பதற்காக மனைவி வாளியில் ஹீட்டர் கம்பியைப் போட்டிருந்தாள். அவன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய அலறல் கேட்டு நாலு கால் பாய்ச்சலில் இறங்கி வந்தான்.

குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. மகள் கைகளை விரித்து அதன்மேல் சாய்ந்து நின்றாள். இழுத்தபோது அவன் கையைக் கடித்தாள். அவளைப் பிய்த்தெடுத்துத் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் மெயினை அணைத்திருந்தார். உள்ளே எல்லாம் முடிந்திருந்தது.

"விளையாட்டா பூட்டியிருக்கும். அதுக்கு என்ன தெரியும், குழந்தை!" என்றாள் அவன் அக்கா. ஆனால் அதற்குப் பிறகு அக்கா குழந்தையைத் தோளில் தூக்கவே இல்லை.

ஏன் பூட்டினாய் என்று இவனும் மகளைக் கேட்கவில்லை. எட்டு மாதமாக அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டான், அந்தக் கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். விளையாட்டுக்குத்தான் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டால்? அப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

மகள் வராந்தா பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அப்பா, ஆயாம்மா என்னைக் கழுதைன்னு திட்டினாங்க."

"நீ எதுக்கும்மா கதவைப் பூட்டினே?"

"மிஸ்ஸுக்குக் கரண்ட் அடிச்சுதுல்ல. ஆயாம்மா போய்த் தொட்டா அவங்களும் செத்துப் போயிடுவாங்க. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அவன் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு... நம்ம வீட்டுல... எதுக்குப் பூட்டினே?"

மகள் அவனை வினோதமாகப் பார்த்தாள். "அம்மாதானே பூட்டச் சொன்னா."

"அம்மாவா? என்னன்னு சொன்னா?"

அவள் பெஞ்சிலிருந்து இறங்கி நின்றாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, அச்சு அசலாகத் தாயின் குரலில் கத்தினாள்.

"கதவைப் பூட்டு கண்ணு, அப்பாவை உள்ள விடாதே!"