எட்டாத பலகை

"டேய், எனக்கு எட்டக்கூடாதுன்னே சர்க்கரை டப்பா வைக்கிற பலகையை உன் பொண்டாட்டி ஏத்தி வெச்சிருக்காடா!" சமையலறையில் நுனிக்காலில் நின்றபடி மாமியார் கத்தினார்.

"பலகை எப்படிம்மா ஏறும்? நீதான் குறைஞ்சிருப்ப," என்றான் மகன்.

"எலும்பு தேஞ்சா உயரம் குறையும் அத்தை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்னு ரெண்டு வருஷமா கெஞ்சறேனே," என்றாள் மருமகள், கழுவும் பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"என் எலும்பு இரும்புடி! நாளைக்கே எடுத்து, ரிப்போர்ட்டை உன் மூஞ்சியில எறியறேன் பாரு!"

எறிய முடியவில்லை. "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. எலும்பு நிறையவே தேஞ்சிருக்கு. உயரமும் ஒரு இன்ச் குறைஞ்சிருக்கு. வழுக்கி விழுந்திருந்தா இடுப்பு போயிருக்கும்," என்றபடி டாக்டர் மாத்திரை எழுதினார்.

வீடு திரும்பியதும் மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்மேல அபாண்டமா பழி போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா."

மருமகள் தலைகுனிந்துகொண்டாள். என்ன அடக்கம் என்று மாமியார் உருகிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது.

வாசலில் தச்சர். "மேடம், போன வாரம் மூணு இன்ச் ஏத்தின பலகையை, பெரியம்மா ஸ்கேன் எடுத்ததும் இறக்கிடணும்னீங்களே. இறக்கிடலாமா?"

மாமியார் மருமகளை முறைத்தார். மகன் அவசரமாகச் செருப்பைத் தேடினான்.

"இறக்குப்பா," என்றார் மாமியார் கடைசியில். "ஆனா மூணு போதாது, நாலு இன்ச்சா இறக்கு. ஒரு இன்ச் நிஜமாவே குறைஞ்சுட்டேன்."