நாற்பதாயிரம் சிறகடிப்பு

வடகோடியில் இரண்டு பனிக்கிராமங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொண்ணூறு மைல்தான் என்றது அங்கே வந்துபோகும் சின்ன விமானம். வருஷந்தோறும் அந்த வழியில் பறக்கும் பெண் வாத்துக்கு மைல் கணக்கு ஒத்துவராது. அவள் சிறகடிப்பை எண்ணுகிறவள். போன வருஷம் நாற்பதாயிரத்து இருநூற்றுப் பதினொன்று ஆனது. அதில் ஒன்றைக்கூடக் கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள்.

இந்த வருஷம் அவளுடைய வயதான புருஷனுக்கு இடது சிறகில் வலி. வழியில் இறங்கினால் நரி விடாது.

முப்பத்தேழாயிரம் தாண்டியதும் கிழவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏ புள்ள, இன்னும் எவ்வளவு?”

இன்னும் மூவாயிரத்துக்கு மேலே இருந்தது. அவள் அவருடைய இடது சிறகைப் பார்த்தாள்.

“ஐந்நூறுதாங்க.”

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஐந்நூறு என்றாள். இப்படியே ஏழு தடவை ஆயிற்று.

ஒருவழியாக இருவரும் ஏரித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

“கணக்கு கொஞ்சம் பிசகிப்போச்சுங்க.”

“உனக்காவது, பிசகுறதாவது!” கிழவர் சிரித்தார். “நானும் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். நீ ஐந்நூறுன்னு சொல்றது கேட்க நல்லா இருந்துச்சு. கடைசி ரெண்டு தடவை அதுக்காகவே கேட்டேன்.”