அடிபடாமல் விழுவது எப்படி

பள்ளிமுனைக் கோயில் மண்டபத்தில், வயதானவர்கள் விழாமல் இருக்க உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. ஒற்றைக் காலில் நிற்பதில் பிலோமினம்மாவை வெல்ல ஆளில்லை.

"இனி நீங்கள் விழவே மாட்டீங்கள், அம்மா," என்றாள் பழக்க வந்த ஜெனிஸ்ரா.

பிலோமினம்மாவின் முகம் வாடியது. "அது சரி பிள்ளை, அடிபடாமல் விழுறது எப்பிடி? அதையும் ஒருக்காச் சொல்லித் தாங்கோவன்."

மண்டபமே சிரித்தது. ஜெனிஸ்ரா பாயை விரித்து, முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் சரிந்து காட்டினாள். எல்லோரும் போன பிறகும் பிலோமினம்மா விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டார். மகள் லண்டனிலிருந்து அனுப்பிய மணிக்கூட்டைக் கையில் இறுக்கிக் கட்டினார். மாதாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தொப்பென்று விழுந்தார்.

உடனே போன் அடித்தது. தவக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அன்றைக்குப் பிறகு, இன்றைக்குத்தான் அடிக்கிறது.

"அம்மா! நீங்கள் விழுந்திட்டீங்கள் எண்டு மணிக்கூடு காட்டுது! அடி பட்டிட்டுதா?"

"இல்லை மகள், பயப்பிடாத," என்றார், மெத்தையில் கிடந்தபடியே. "போனை மட்டும் வைச்சிடாத."