கோடிச் சேலை

காய்ச்சலில் கிடந்த பொன்னுத்தாய் இறந்துவிட்டாள் என்றார்கள். பிறந்த வீட்டுக் கோடியாக அண்ணன் சடையப்பன் நாடிச் சேலை வாங்கிவந்தார். நாடித்துடிப்பு பட்டால் சிவக்கும், இல்லையென்றால் வெள்ளைதான். இப்போது ஊரே அதைத்தான் உடுத்துகிறது.

உடம்பில் போர்த்தியதும் நெஞ்சுப் பக்கம் லேசாகச் சிவந்தது.

"என்ன மச்சான், கடைசிச் சேலையிலயுமா சிக்கனம்? மட்டச் சரக்கா இருக்கே" என்றார் அவள் கணவரின் தம்பி நல்லமாடன். பந்தலில் சிலர் சிரித்தார்கள்.

சடையப்பனுக்கு முகம் கறுத்தது. சேலையை உருவிப் பைக்குள் திணித்தார். பருத்திச் சேலையோடு பாடை சுடுகாட்டுக்குக் கிளம்பியது.

மறுநாள் சாம்பலைக் கரைத்த கையோடு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். விற்பனைப் பெண் சேலையை மேசையில் விரித்தாள், வெள்ளை. தன் கையில் சுற்றினாள், சிவந்தது.

"சேலை நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி. யார் மேல போட்டுப் பாத்தீங்க?"