புத்தகத்தில் இல்லாத பதில்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வேறு பள்ளித் தாள்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

"இதைக் கேளுங்க. நாவலோட முதல் அத்தியாயத்துல அந்த அநாதைப் பொண்ணோட தனிமை எப்படித் தெரியுதுன்னு கேள்வி. அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறா, சித்தி அடிக்கிறான்னு எழுதினா முழு மார்க். இது என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை. "என்னவாம்?"

டீச்சர் வாசித்தாள். "'அவளை யாரும் அடிக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் அவள் யாரென்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும்போது கேமராவை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள்.' ஒரு வரிகூட புத்தகத்துல இல்ல. சும்மா கதை விடுது."

"முட்டையைப் போடு."

போட்டாள்.

அப்போது டீ கொண்டுவந்தாள் கணவருடைய தங்கை மகள். தாயும் தகப்பனும் போனபின் ஆறு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறாள். தம்ளரை வைக்கக் குனிந்தவள் தாளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"தப்புதான் அத்தை," என்றாள் மெதுவாக. "புத்தகத்துல இருக்கறதைத்தான் எழுதியிருக்கணும்."

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கையெழுத்து டீச்சருக்கு அடையாளம் தெரிந்திருக்கவில்லை. முட்டையை உள்ளங்கையால் மூடினாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

அங்கே குடும்பப் படத்தில், டீச்சரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், படம் எடுத்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.